மலை முகாம் பராமரிப்பு: பிள்ளைகள் வரும் முன் எதிலிருந்து தொடங்குவது?

#1 மலையடிவாரம்

ஜவ்வாது மலையில் ஒரு கல்வி முகாமுக்குப் பராமரிப்பு டெக்னீசியனாகப் போகிறேன். பள்ளிப் பிள்ளைகள் 120 பேர், ஆசிரியர்கள், சமையல் ஆட்கள் எல்லாம் சேர்த்து 140 பேர் ஐந்து நாள் தங்குவார்கள். அடுத்த குழு வரும்வரை இடம் பூட்டிக் கிடக்கும். போர்வெல்லில் 3 எச்.பி. மும்முனை நீர்மூழ்கி மோட்டார், மேட்டில் 5,000 லிட்டர் டேங்க் இரண்டு, தங்கும் கூடம் நான்கு, கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர், 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர், செப்டிக் டேங்க் இரண்டு. முதல் குழு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம் என்று அனுபவமுள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

#2 பம்ப்செட்_மெக்கானிக்

தம்பி, முதலில் தண்ணீர், அடுத்தது கரண்ட், பிறகு கழிவுநீர். பெயின்ட், புல்வெட்டு எல்லாம் கடைசியில்.

முகாமை வீடு மாதிரி நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பயன்பாடு நாள் முழுக்கப் பரவியிருக்கும். இங்கே காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் 120 பேரும் குளித்து முடிக்க வேண்டும். ஆளுக்கு 40 லிட்டர் வைத்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மட்டும் 4,800 லிட்டர். கழிப்பறை, சமையல் தனி. ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 14,000 லிட்டர் வரும். உங்களிடம் இருக்கும் 10,000 லிட்டர் காலை நெருக்கடியைத் தாங்கும், ஆனால் மதியத்துக்குள் மீண்டும் நிரம்பியாக வேண்டும்.

மோட்டார் உண்மையில் எவ்வளவு இறைக்கிறது என்று பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். டேங்கில் தண்ணீர் விழும் இடத்தில் 200 லிட்டர் டிரம்மை வைத்து நேரம் பாருங்கள். மூன்று நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 4,000 லிட்டர், அதாவது தினமும் மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். உங்கள் ஊர் ஃபீடரில் (மின்வாரிய லைனில்) மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறது என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, அதற்குத் தக்கபடி நேரத்தை வையுங்கள்.

டிரம் அளவு எடுக்கும்போதே கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸிலும் ஆம்பியர் பார்த்து ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். பின்னால் வரும் பழுது எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் ஆதாரம். ஆம்பியர் பழையபடியே இருந்து தண்ணீர் குறைந்தால் இறக்கிய குழாயில் ஓட்டை, இல்லையென்றால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் போரில் நீர்மட்டம் கீழே போயிருக்கும். ஆம்பியர் ஏறினால் லோ வோல்டேஜ், மணல் பிடிப்பு, பேரிங் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

#3 வைண்டிங்_பட்டறை

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம்.

தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடும்போது ஆம்பியர் குறையும், ஏறாது. அதனால் ஓவர்லோடு ரிலே அசையாது. பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வைண்டிங் கருகிவிடும். டிரை ரன் பிரிவென்டர் தனியாக இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு பேஸ் போனால் நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டரும் கட்டாயம். மலை ஃபீடரில் மரக்கிளை விழுந்து ஒரு பேஸ் போவது மழைக்காலத்தில் சகஜம்.

இன்னொன்று. லைன் வேலை முடிந்து கரண்ட் வந்த பிறகு "மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் சொட்டுகிறது" என்றால் உடனே மோட்டாரைத் தூக்க ஆள் கூப்பிடாதீர்கள். பேஸ் வரிசை மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள், சரியாகிவிடும்.

நீண்ட நாள் ஓடாத மோட்டாரை முதலில் ஓட்டும் முன் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டரில்) இன்சுலேஷன் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டவே கூடாது. பெரும்பாலும் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஜாயின்ட் போடும்போது கேபிளின் மூன்று உள்வயர்களையும் ஒரே இடத்தில் வெட்டாமல் முன்பின்னாக வெட்டி இணைத்து, முதலில் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப். போரில் இறக்கும் முன் ஜாயின்ட்டை மட்டும் வாளித் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து மெக்கரில் பாருங்கள். இதைச் செய்யச் சோம்பல்பட்டு முழு மோட்டாரையும் மறுபடி தூக்குவது அநியாயச் செலவு.

#4 நீர்ப்பரிசோதகர்

தண்ணீர் வந்தால் போதாது, அது குடிக்கத் தகுந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். 120 பிள்ளைகளும் குடிப்பது ஒரே தண்ணீர். அதில் தப்பு நடந்தால் ஒரே இரவில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு.

டேங்கை வடித்து, அடிச்சேற்றை வாரி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பின் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி நிரப்புங்கள். 5,000 லிட்டருக்கு 250 கிராம் குளோரின் வேண்டும். 25 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 1 கிலோ, 33 சதவீதம் என்றால் 750 கிராம். எல்லாக் குழாயையும் திறந்து பிளீச்சிங் வாடை வந்ததும் மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் வடித்து அலசுங்கள். வடிக்கும் தண்ணீரைச் செப்டிக் டேங்குக்குள் விடாதீர்கள், மலத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும்.

அன்றாடத்துக்கு, தெளிந்த போர் தண்ணீரென்றால் லிட்டருக்கு 2 மில்லிகிராமில் தொடங்குங்கள். 10,000 லிட்டருக்கு 33 சதவீதப் பவுடர் 60 கிராம், 25 சதவீதம் 80 கிராம். நேராக டேங்கில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, நீர்க்கவைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அந்தச் சுண்ணாம்புதான் பிறகு குழாய் வாஷரிலும் ஷவர் துளையிலும் போய் அடைக்கிறது. அரை மணி நேரம் கழித்து, டேங்கிலிருந்து ஆகத் தூரத்தில் இருக்கும் குழாயில் சோதியுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 படி குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் அளவைக் கூட்டுங்கள்.

திறந்து வைத்த பவுடர் மூட்டை மலை ஈரத்தில் வீரியம் இழந்துவிடும். சின்னப் பொட்டலமாக வாங்கி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கழிப்பறை ஆசிட் வைக்கும் அலமாரியில் மட்டும் வைக்கவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

முகாம் தொடங்கும் முன் ஒரு மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#5 மலையடிவாரம்

நன்றி. டிரம் நான்கு நிமிடத்தில் நிரம்புகிறது. மணிக்கு 3,000 லிட்டர். கரண்ட் நேரத்தைப் பார்த்து இரண்டு தவணையாக ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு சிக்கல். மூன்றாவது கூடம் டேங்கைவிட நன்றாகத் தாழ்வில்தான் இருக்கிறது. ஆனாலும் டேங்க் காலியாகி நிரம்பிய பிறகு அங்கே மட்டும் தண்ணீர் வருவதில்லை. குழாய் இருமுகிறது, காற்று வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது.

#6 குழாய்க்காரர்

ஏர் லாக். மலை முகாம்களில் மிக அதிகமாக வரும் தொல்லை இதுதான். பலர் இதற்கு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டிப் பணத்தை வீணாக்குகிறார்கள்.

டேங்கிலிருந்து கூடத்துக்குப் போகும் லைன் வழியில் ஒரு மேட்டில் ஏறி இறங்கும், பாருங்கள். டேங்க் காலியாகும்போது லைனுக்குள் காற்று புகும். மறுபடி நிரம்பும்போது அந்தக் காற்று மேட்டின் உச்சியில் மாட்டிக்கொள்ளும். டேங்குக்கும் அந்த மேட்டுக்கும் உயர வித்தியாசம் குறைவாக இருந்தால், காற்றைத் தள்ளும் அழுத்தம் தண்ணீருக்கு இருக்காது.

இப்போதைக்கு வழி: கூடத்தின் ஆகக் கீழே உள்ள குழாயில் ஹோஸ் மாட்டி, வேறு லைனின் தண்ணீரை அழுத்தத்தோடு பின்பக்கமாக டேங்க் நோக்கி விடுங்கள். டேங்க் வாயில் குமிழி வந்து நின்றால் காற்று வெளியேறிவிட்டது.

நிரந்தரத் தீர்வுக்கு, லைனை நடந்து பார்த்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் மேடுகளைக் குறியுங்கள். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு டீ (மூவழி இணைப்பு) போட்டு 15 மி.மீ. குழாயை நேராக மேலே தூக்குங்கள். அதன் முனை டேங்கின் நிறைமட்டத்தைவிட ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். முனையைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டுங்கள். அவ்வளவு உயரம் தூக்க முடியாத இடத்தில் ஏர் ரிலீஸ் வால்வு. டேங்க் வாயில் கேட் வால்வை ஒட்டி, கீழ்ப்புறமாக இன்னொரு காற்றுக் குழாய். நாலு கூடத்துக்கும் தனித்தனி வால்வு இருந்தால் ஒன்று உடைந்தாலும் மற்ற மூன்றும் ஓடும்.

கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் பீங்கான் கார்ட்ரிட்ஜ் குழாய்கள் மணல் தண்ணீரில் சீக்கிரம் கசியும். டேங்கிலிருந்து இறங்கும் லைனில் ஒரு ஒய் ஸ்டிரெயினர் (மணல் வடிகட்டி) போட்டு வாரம் ஒருமுறை ஜாலியைக் கழுவுங்கள். வாஷ்பேசின் வரிசைக்குப் பழைய வாஷர் குழாயே மேல். ஒரு ரூபாய் வாஷரில் வேலை முடியும், பிள்ளைகளின் முரட்டுக் கைக்கும் தாங்கும்.

#7 லைன்மேன்_கண்

கரண்ட் பக்கம் சொல்கிறேன். ஒவ்வொரு கூடத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) தனியாக இருக்க வேண்டும். முழு முகாமுக்கும் ஒன்றே ஒன்று போட்டால், ஒரு குளியலறை விளக்கில் தண்ணீர் இறங்கினாலும் நடுராத்திரியில் 120 பிள்ளைகளும் இருட்டில் நிற்பார்கள். டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு குழு வருவதற்கு முன்பும் அழுத்துங்கள். விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள், பேச்சே இல்லை.

அடிக்கடி விழுகிறது என்று யாரும் அதை நேரடியாக இணைத்துவிடக் கூடாது. காரணம் தேட இப்படிப் போங்கள்: எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக எம்.சி.பி. ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த லைனில் கசிவு. எல்லாம் இறக்கியும் விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டிருக்கும், ஏனென்றால் ஒற்றைப் போல் எம்.சி.பி. நியூட்ரலைத் துண்டிக்காது. அப்போது மெயினை அணைத்து, நியூட்ரல் பாரிலிருந்து வயர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். பூட்டிக் கிடந்த இடத்தில் எலி கடித்த வயரும், சுவிட்ச் பெட்டிக்குள் பல்லியும்தான் பெரும்பாலும் மாட்டும்.

எர்த் குழியை எர்த் டெஸ்டரில் பாருங்கள், 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பாறை மண்ணில் ஒரே குழியில் இது வராது. இரண்டு மூன்று குழிகளைக் குறைந்தது 3 மீட்டர் இடைவெளியில் தோண்டி இணைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.

#8 வைண்டிங்_பட்டறை

உப்பு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. உப்பு ஜி.ஐ. குழாயை அரிக்கும், மலை மழையில் சீக்கிரம் கரைந்தும் போய்விடும். சில வருடத்தில் குழியில் குழாயே இருக்காது, மேலே கிளாம்ப் மட்டும் நிற்கும். புதிதாகப் போடுவதென்றால் பெண்டோனைட் களிமண் கலவை. பழைய குழியென்றால் கோடையில் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, ஆண்டுக்கு இருமுறை அளந்து பார்ப்பது மேல்.

#9 லைன்மேன்_கண்

புதுக் குழிக்கு நீங்கள் சொல்வதே சரி. பழைய உப்புக் குழி இருந்தால் மேல்மண்ணை விலக்கி, குழாயும் கிளாம்ப்பும் அரித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள் தம்பி. மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம்.

ஜெனரேட்டர்: 15 கே.வி.ஏ. என்றால் பேஸுக்கு ஏறத்தாழ 21 ஆம்பியர். 3 எச்.பி. மோட்டார் நேரடியாகக் கிளம்பும்போது ஓடும் ஆம்பியரைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் ஜெனரேட்டரில் முதலில் மோட்டார், அது நிதானமான பிறகு விளக்கு, ஃபேன். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு லோடாவது கொடுத்து ஓட்டுங்கள். லோடு இல்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் பிசினாகப் படியும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் வகையாக இருக்கட்டும்.

வெளி விளக்குகளுக்குத் தொப்பி போட்டு வெளிச்சத்தைக் கீழே மட்டும் விழச் செய்யுங்கள். 2.3 மீட்டர் தொலைநோக்கியோடு காவலூர் வானாய்வகம் இருக்கும் மலை அது. பிள்ளைகள் நட்சத்திரம் பார்க்க வருவார்கள், அவர்கள் முகத்தில் ஃப்ளட் லைட் அடிக்கக் கூடாது.

#10 விடுதிப்_பொறுப்பு

கூடங்களுக்குள் பார்க்க வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்குக் கட்டில் இருக்கிறதா? மேல் கட்டிலில் ஒரு பையன் எழுந்து உட்கார்ந்து கையை உயர்த்தினால் சீலிங் ஃபேன் இறக்கை எட்டக் கூடாது. எட்டினால் அந்தக் கூடத்தில் சுவர் ஃபேன்தான். கட்டிலின் வெல்டிங் மூலைகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது விரிசல். போல்ட்டுகளுக்கு நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) போடுங்கள், சாதா நட் குலுங்கிக் கழன்றுவிடும். குளியலறைத் தாழ்ப்பாளை அவசரத்துக்கு வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்க முடிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சம்ப் மூடி, செப்டிக் டேங்க் மூடி. ஒவ்வொன்றின்மேலும் நீங்களே ஏறி நில்லுங்கள். ஆடினாலோ விரிசல் இருந்தாலோ அன்றே மாற்றி, பூட்டுப் போடுங்கள். இதில் நாளை என்ற பேச்சே கூடாது.

#11 குழாய்க்காரர்

செப்டிக் டேங்க் பற்றி. உள்ளே இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றம், அதற்கும் முன்னால் உயிர் போகும். மூடியைத் திறந்து காற்றாட விட்டுவிட்டு, மேலிருந்தே நீளக் கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி, சற்று நிறுத்தித் தூக்குங்கள். துண்டில் கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரமே அடிக்கசடு. மேல் நுரைப்படலமும் கசடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரி கூப்பிட்டு உறிஞ்சவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே செய்யுங்கள், ஊறல் குழி நிரம்பிவிட்டால் லாரியும் உதவாது.

சமையலறை லைனை இதில் சேர்த்திருந்தால் பிரித்துவிடுங்கள். எண்ணெயைவிட வடிகஞ்சிதான் எதிரி. 120 பேர் சோற்றுக் கஞ்சி சூடாகப் போய், குழாயில் ஆறி, ஆடையாகப் படிந்து, வாரத்துக்குள் 4 அங்குலக் குழாயை 2 அங்குலமாக்கும். கஞ்சியை அண்டாவில் பிடித்து மாட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீருக்கு மூன்று அறை எண்ணெய்த் தொட்டி. மேலே மிதப்பதைத் தினமும் அள்ள வேண்டும்.

#12 வெயில்_தண்ணி

சோலார் ஹீட்டரைப் பகலில் நிரப்பாதீர்கள். காலி கண்ணாடிக் குழாய் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும். அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும். விடியும் முன் நிரப்புங்கள், பகலில்தான் முடியும் என்றால் முதலில் தார்ப்பாயால் மூடிவிட்டு, சூடு ஆறியபின் சாயங்காலம் நிரப்புங்கள்.

ஹீட்டர் டேங்கின் காற்றுக் குழாய் முனை, குளிர்நீர் டேங்கின் நிறைமட்டத்துக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். தாழ்ந்திருந்தால் இரவெல்லாம் தண்ணீர் வழிந்து டேங்க் காலி. சுடுநீர் லைனில் சாதா யு.பி.வி.சி. கூடாது, அது 45 டிகிரிக்கு மேல் தாங்காது. சி.பி.வி.சி. மட்டும்.

கோடையில் டேங்கில் 80 டிகிரி வரை ஏறும். 60 டிகிரி தண்ணீரே சில நொடியில் பிள்ளைத் தோலை வேகவைத்துவிடும். குளியலறை லைன் ஆரம்பத்தில் தெர்மோஸ்டாட் மிக்ஸிங் வால்வு வைத்து 43 டிகிரிக்கு மேல் போகாமல் கட்டுங்கள். அது வரும்வரை சுடுநீர்க் குழாயின் கைப்பிடிகளைக் கழற்றிவிட்டு, பெரியவர் ஒருவர் வாளியில் விளாவிக் கொடுக்கட்டும்.

குரங்கு வரும் இடமென்றால் டேங்க் மூடியைக் கம்பி போட்டு முறுக்குங்கள். கண்ணாடிக் குழாய் மேல் தாவாமல் இருக்கக் கம்பிவலைச் சட்டம் போடுங்கள், நிழல் கொஞ்சம் விழுந்தாலும் பரவாயில்லை.

#13 மலையடிவாரம்

லைன் நடுவில் இரண்டு மேடு இருந்தது, டீ போட்டுக் காற்றுக் குழாய் ஏற்றியாயிற்று, மூன்றாம் கூடத்தில் தண்ணீர் வருகிறது. மலை இறங்கி வாங்க அரை நாள் ஆகும் என்பதால் உதிரி கையிருப்பு என்ன வைக்கலாம்? குழு போன பிறகு காலி நாட்களில் டேங்கை வடித்துவிடுவதா, அப்படியே விடுவதா?

#14 பம்ப்செட்_மெக்கானிக்

உதிரிக்கு: உங்கள் ஸ்டார்ட்டருக்குப் பொருந்தும் கான்டாக்டர் காயில் ஒன்று, ரிலே ஒன்று. 15 மி.மீ. குழாய் ஆறு, வாஷர் ஒரு டஜன், ஃப்ளோட் வால்வு ஒன்று, ஃப்ளஷ் டேங்க் உள்பாகம் இரண்டு செட். லைனில் இருக்கும் ஒவ்வொரு குழாய் அளவுக்கும் கப்ளர் நான்கு, எல்போ நான்கு, அரை மீட்டர் துண்டு. சால்வென்ட் (குழாய் ஒட்டும் பசை) வாங்கும்போது சின்ன டப்பா, பெரியது பாதியில் கெட்டியாகிவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, எல்.ஈ.டி. பேட்டன் நான்கு, சிலிண்டர் ரப்பர் டியூப் ஒன்று. இவ்வளவில் பெரும்பாலான நாள் ஓடிவிடும்.

#15 நீர்ப்பரிசோதகர்

டேங்க்: ஒன்றை வடித்துக் காயவைத்து மூடுங்கள். இன்னொன்றை நிறைத்து வையுங்கள், தீ அவசரத்துக்கு வேண்டும், லைனிலும் காற்று ஏறாது. நிறைந்த டேங்கின் வழிவு முனைக்கு வலை கட்டுங்கள், வாரத்தில் கொசு வளர்ந்துவிடும். அடுத்த குழு வரும் முன் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பிக் குளோரின் போடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு லைனின் கடைசிக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு தரைச் சாக்கடை ஜாலியிலும், கழிப்பறைக் கோப்பையிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் டிராப்பில் (ஜாலிக்குக் கீழே உள்ள வளைவில்) நிற்கும் தண்ணீர் வற்றினால் செப்டிக் வாயுவும் கரப்பானும் நேராகக் கூடத்துக்குள் வரும். நீண்ட நாள் பூட்டுவதென்றால் ஜாலியில் தண்ணீர் ஊற்றிய பின் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். மேலே படலமாக நின்று தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும்.